ஷெனானிகன்ஸ்: வணிகச் செய்திகளில் அடிக்கடி தென்படும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது?

ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்கில் ஏதோ சரியில்லை என்று பேச்சு கிளம்பினால், ஆங்கில நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் 'அக்கவுன்டிங் ஷெனானிகன்ஸ்' என்ற தொடர் தவறாமல் வந்துவிடும். கல்லூரி விடுதியில் மாணவர்கள் நள்ளிரவில் அடித்த கூத்தைப் பற்றி எழுதும்போதும் இதே சொல்தான் வரும். அந்த நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்திருப்பவர் குழம்பிப் போவதில் ஆச்சரியமில்லை. கம்பெனி மோசடி செய்துவிட்டது என்கிறார்களா, இல்லை விளையாட்டுத்தனமாக ஏதோ நடந்தது என்கிறார்களா?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வாசகரின் ஆங்கிலம் அல்ல. அந்தச் சொல்லே அப்படி வளர்ந்திருக்கிறது. எங்கே முதலில் தலைகாட்டியது, அதன் பொருள் எப்படி இளகியது, செய்தியாளர்கள் ஏன் அதை விரும்புகிறார்கள் என்று வரிசையாகப் பார்த்தால், செய்தியைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

## இரண்டு பொருள்கள்

இன்றைய ஆங்கில அகராதிகள் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் தருகின்றன.

1. மறைமுகமாக ஆதாயம் தேடச் செய்யும் தந்திரம், நேர்மையற்ற காரியம். தமிழில் தில்லுமுல்லு, தகிடுதத்தம், கோல்மால் என்று சொல்வது இதற்கு மிகவும் நெருக்கம்.

2. உற்சாக மிகுதியால் செய்யும் குறும்பு. சேட்டை, லூட்டி, கூத்து என்போமே, அது.

தமிழில் இவற்றை யாரும் கலப்பதில்லை. வங்கிக் கணக்கில் நடந்ததை லூட்டி என்று சொல்ல மாட்டோம். பேரன் மாவு டப்பாவைக் கவிழ்த்ததைத் தகிடுதத்தம் என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், எந்தப் பொருளில் எழுதியிருக்கிறார்கள் என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இன்னொன்று: இப்போது இது பெரும்பாலும் பன்மையில்தான் வரும். ஆனால் தொடக்கத்தில் ஒருமையில், 'ஷெனானிகன்' என்றே எழுதினார்கள். அன்று அதன் பொருளும் ஒன்றுதான்: ஏமாற்று வேலை. குறும்பு என்ற பொருள் பிறகு சேர்ந்தது.

## முதல் தடயம்: சான் ஃபிரான்சிஸ்கோ, 1855

ஒரு சொல் எப்போது பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எப்போது முதன்முதலில் அச்சில் ஏறியது என்று மட்டும் தேடிப் பார்க்கலாம். ஷெனானிகனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி காட்டும் மிகப் பழைய சான்று 1855 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெளிவந்த 'டவுன் டாக்' என்ற இதழில் இருக்கிறது. "உறுதியாகத்தானே சொல்கிறீர்கள்? ஷெனானிகன் ஒன்றும் இல்லையே?" என்ற பொருளில் ஒரு கேள்வி. சொல்லுக்கு அங்கே விளக்கம் எதுவும் தரவில்லை. அதனால் அந்த ஊர் வாசகர்களுக்கு அது முன்பே பழக்கமான பேச்சுவழக்கு என்று கொள்ளலாம்.

இடமும் காலமும் இங்கே முக்கியம். 1848 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கொலோமா என்ற இடத்தில், சட்டர் என்பவரின் மர அறுவை ஆலைக்கு அருகே, ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துகள்களைப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள், மெக்சிகோ, சிலி, அயர்லாந்து, ஜெர்மனி, சீனா என்று எங்கெங்கிருந்தோ சுமார் 3 லட்சம் பேர் அங்கே வந்து இறங்கினார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள், வெவ்வேறு மொழி பேசுபவர்கள், கையில் பணமும் மனதில் அவசரமும் உள்ளவர்கள். ஏமாற்று வேலைக்கு ஒரு புதுச் சொல் தேவைப்படுவதற்கும் பரவுவதற்கும் இதைவிடத் தோதான இடம் கிடைத்திருக்காது.

சொல் அங்கேயே நிற்கவும் இல்லை. 1862-இல் பக்கத்து நெவாடா பிரதேசத்தில் வெள்ளிச் சுரங்கப் பங்குகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பயன்படுத்தினார். நிரபராதிகள் என்று நிரூபணமாகும்வரை எல்லோரையும் ஷெனானிகன் செய்தவர்களாகவே கருத வேண்டும் என்பது அவர் வாதம். அந்த இளைஞர் சாமுவேல் கிளெமென்ஸ். மார்க் ட்வெய்ன் என்ற பெயரில் பிறகு உலகம் அறிந்தவர். சுரங்க முகாமில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் இருந்தது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

## உப்புப் போட்ட சுரங்கம்

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று புரிய, அங்கே நடந்த ஏமாற்று வேலை ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. சுரங்கத் தொழிலில் 'உப்புப் போடுதல்' என்று ஒரு வழக்கு உண்டு. ஒன்றுமில்லாத பாறையில் தங்கத் துகளைத் தூவியோ, துப்பாக்கித் தோட்டாவில் அடைத்துச் சுட்டுப் பதித்தோ, தங்கம் விளையும் இடம் என்று காட்டி விற்றுவிடுவது. வாங்குபவர் தானே தோண்டிப் பார்த்து, தன் கையாலேயே தங்கத்தை எடுப்பார். பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்?

இதன் உச்சம் 1872-இல் நடந்தது. ஃபிலிப் ஆர்னால்டு, ஜான் ஸ்லாக் என்ற உறவினர்கள் இருவர், பட்டை தீட்டாத வைரங்களுடன் சான் ஃபிரான்சிஸ்கோவில் தோன்றினார்கள். மேற்கே யாருக்கும் தெரியாத ஓரிடத்தில் வைர வயல் இருப்பதாகச் சொன்னார்கள். கலிஃபோர்னியா வங்கியின் வில்லியம் ரால்ஸ்டன் போன்ற பெரும் புள்ளிகளே ஆர்வம் காட்டினார்கள். நியூயார்க்கின் புகழ்பெற்ற நகைக்கடை அதிபர் சார்லஸ் டிஃபனியிடம் மாதிரிக் கற்களைக் காட்டியபோது, அவற்றின் மதிப்பு 1,50,000 டாலர் என்று வந்தது. டிஃபனிக்குப் பட்டை தீட்டிய கற்களில்தான் அனுபவம். தீட்டாத கற்களை மதிப்பிடுவது வேறு வித்தை. ஹென்றி ஜானின் என்ற பெயர்பெற்ற சுரங்கப் பொறியாளரும் இடத்தை நேரில் பார்த்துவிட்டு நல்ல அறிக்கை கொடுத்தார். உடனே கம்பெனி தொடங்கினார்கள், பங்குகள் விற்றார்கள். வயலைக் 'கண்டுபிடித்த' இருவருக்கும் சில லட்சம் டாலர் கைமாறியது.

குட்டை உடைத்தவர் கிளாரன்ஸ் கிங், அரசின் புவியியல் ஆய்வுக் குழுத் தலைவர். அந்த வட்டாரத்தையே அளந்து முடித்திருந்தவருக்கு, தன் கண்ணில் படாமல் அங்கே ஒரு வைர வயல் இருக்க முடியுமா என்ற கேள்வி. 1872 நவம்பரில், இன்றைய கொலராடோவின் வடமேற்கு மூலையில் இருந்த அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். யாரோ கிளறிய மண்ணில் மட்டும் கற்கள் கிடைத்தன. கிளறாத இடத்தில் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு வைரம், மாணிக்கம், நீலம் எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. இயற்கையில் அவை அப்படி ஒன்றாக விளைவதில்லை. உண்மையில் அவை லண்டனில் மலிவு விலைக்கு வாங்கி வந்த கற்கள்.

இந்தச் சம்பவம் சொல்லுக்குப் பிறகு நடந்தது, அதனால் சொல்லின் பிறப்புக்கு இது சான்று ஆகாது. ஆனால் ஷெனானிகன் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னபோது மனதில் எந்த வகைக் காரியத்தை வைத்திருந்தார்கள் என்று இது காட்டுகிறது: முரட்டுத் திருட்டு கிடையாது, பூட்டு உடைப்பு கிடையாது. எதிராளியே நம்பிப் பணம் கொடுக்கும்படி ஜோடித்த வேலை.

## நான்கு பிறப்புக் கதைகள்

சொல் எங்கே தலைகாட்டியது என்று தெரிகிறது. எந்த மொழியிலிருந்து வந்தது? நான்கு விளக்கங்கள் உலவுகின்றன. ஒரு சொற்பிறப்புக் கதையை ஏற்க வேண்டுமானால் ஒலி பொருந்த வேண்டும், பொருள் பொருந்த வேண்டும், அந்த மொழிக்காரர்கள் அந்த இடத்தில் அந்தக் காலத்தில் இருந்திருக்க வேண்டும், இடைப்பட்ட வடிவங்கள் எங்காவது எழுத்தில் கிடைக்க வேண்டும். இந்த நான்கையும் வைத்துச் சோதிக்கலாம்.

1. ஐரிஷ் மொழியின் நரி. மிகப் பிரபலமான கதை இதுதான். ஐரிஷில் 'சியோனாக்' என்று எழுதி ஏறக்குறைய 'ஷின்னக்' என்று உச்சரிக்கும் சொல்லுக்கு நரி என்று பொருள். அதிலிருந்து வரும் வினைக்கு 'நரித்தனம் செய்கிறேன்' என்று பொருள். ஒலியும் ஓரளவு ஷெனானிகனை ஒத்திருக்கிறது. அயர்லாந்தில் 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பஞ்சம். பத்து லட்சம் பேர் மாண்டார்கள், இன்னும் அதிகம் பேர் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் கலிஃபோர்னியாவுக்கும் வந்தார்கள். இடம், காலம், பொருள் மூன்றும் கச்சிதம். சொல்லின் கடைசியில் உள்ள '-கன்' என்ற ஒலியும் ஃபின்னெகன், ஃபிளானகன் போன்ற ஐரிஷ் குடும்பப் பெயர்களை நினைவூட்டுகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர்கள் காட்டும் ஐரிஷ் வடிவம் தன்மை ஒருமை வினைமுற்று, அதாவது 'நான் செய்கிறேன்' என்ற வடிவம். பழைய ஐரிஷ் அகராதிகள் வினைச்சொற்களை அந்த வடிவத்தில்தான் தலைச்சொல்லாகத் தந்தன. நம் அகராதிகள் 'ஓடுதல்', 'பாடுதல்' என்று தருவது போல அது வெறும் அகராதி வழக்கம். பேச்சில் காதில் விழுந்த சொல்லை மக்கள் கடன் வாங்குவார்கள். அகராதித் தலைப்பைக் கடன் வாங்க மாட்டார்கள். இடைப்பட்ட வடிவம் எதுவும் அச்சில் கிடைக்கவும் இல்லை. ஆகவே யாரோ அகராதியைப் புரட்டி, ஒலி ஒத்த ஒன்றைப் பிறகு பொருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுவானது.

2. ஸ்பானிஷ் மொழியின் 'சனாடா'. ஏமாற்று, தந்திரம் என்று பொருள் தரும் சொல். 1848 வரை கலிஃபோர்னியா மெக்சிகோவின் பகுதி. சுரங்கத் தொழிலில் ஸ்பானிஷ் சொற்கள் ஏராளம். எதிர்பாராத பெரும் லாபத்தைக் குறிக்கும் 'பொனான்சா' அப்படி வந்ததே. பொருளும் இடமும் பொருந்துகின்றன, ஒலி பொருந்தவில்லை. 'சனாடா' எப்படி 'ஷெனானிகன்' ஆனது என்பதற்கு யாரும் திருப்தியான வழி காட்டவில்லை.

3. ஜெர்மன் நாடோடி வணிகர்களின் குழூஉக்குறி. ரோட்வெல்ஷ் என்ற அந்த ரகசியப் பேச்சில் 'ஷினாகெல்' என்றால் வேலை, உழைப்பு. ஒலி நெருக்கம்தான். ஆனால் உழைப்பு என்ற பொருள் ஏமாற்று என்று புரண்டதற்குத் தடயம் வேண்டும், அது இல்லை.

4. கிழக்கு இங்கிலாந்தின் வட்டார வழக்கான 'நானிக்'. வேலை நேரத்தில் வேடிக்கை செய்து பொழுதைக் கழிப்பது என்று பொருள். இது குறும்பு என்ற பொருளுக்கு ஒத்துவருகிறது. ஆனால் ஷெனானிகனின் பழைய பொருள் ஏமாற்று, குறும்பு பிற்சேர்க்கை என்று மேலே பார்த்தோம். வரிசை தலைகீழாக இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் இரண்டுமே 'தோற்றம் தெரியவில்லை' என்ற முடிவில்தான் நிற்கின்றன. அது நேர்மையான முடிவு என்றே எனக்குப் படுகிறது. அகராதிக்காரர்களின் சோம்பல் என்று இதை நினைக்க வேண்டாம். ஒரு நல்ல கதைக்காகச் சான்றை விட்டுக்கொடுக்க அவர்கள் மறுக்கிறார்கள். ஐந்தாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி அமெரிக்கப் பேச்சில் ஓசைக்காகவே கட்டிய சொற்கள் கொடிகட்டிப் பறந்தன. ஏமாற்றுவதற்கு 'ஹார்ன்ஸ்வாகிள்', ஓடிப்போவதற்கு 'ஸ்கெடாடில்', நழுவுவதற்கு 'ஆப்ஸ்குவாச்சுலேட்'. ஷெனானிகனும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக, பல மொழி கலந்த முகாமில் வாய்க்கு வந்த ஓசையில் உருவாகியிருக்கலாம். இது என் ஊகம். இதற்கும் சான்று கிடையாது.

## சொந்தக்காரச் சொற்கள்

ஏமாற்றுக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் இன்னும் சில சொற்கள் உண்டு. செய்திகளில் இவையும் தலைகாட்டும். 'ஸ்கல்' என்றால் ஆங்கிலத்தில் மண்டையோடு, ஆனால் 'ஸ்கல்டகரி' என்பதில் மண்டையோட்டுக்குச் சம்பந்தமே இல்லை. 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் ஒழுக்கக்கேடான உறவைக் குறித்த சொல், அமெரிக்கா போனபின் திரைமறைவுச் சதி என்று பொருள் மாறியது. 'ஹாங்க்கி-பாங்க்கி' நேர் எதிர்த் திசையில் நடந்தது: 19-ஆம் நூற்றாண்டில் தந்திரம், கண்கட்டு வேலை, 20-ஆம் நூற்றாண்டில் கள்ள உறவு. 'ஜிக்கரி-போக்கரி' ஸ்காட்லாந்தின் 'ஜூக்கரி-பாக்கரி' என்பதன் மறுவடிவம். நழுவுதல், தந்திரம் என்ற இரு சொற்களின் சேர்க்கை. 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குச் சாதகமாக 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தபோது, நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா தன் மாறுபட்ட தீர்ப்பில் சக நீதிபதிகளின் சட்ட விளக்கத்தை இந்தச் சொல்லால்தான் சாடினார். அன்று பலர் அகராதியைத் தேடி ஓடினார்கள்.

## கணக்குப் புத்தகத்துக்குள் வந்த கதை

ஷெனானிகன்ஸ் வணிகப் பக்கத்தில் நிலைத்ததில் பெரும் பங்கு ஹோவர்டு ஷிலிட் என்ற அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியருக்கு உண்டு. நிறுவனங்கள் நிதிநிலை அறிக்கையை அழகுபடுத்தும் வழிகளைத் தொகுத்து 1993-இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே இந்தச் சொல்லைத் தாங்கியது. அவர் ஏழு வகையாகப் பிரித்தார்:

1. வருவாயை முன்கூட்டியே எழுதுவது. மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் தொகை முழுவதையும் முதல் ஆண்டிலேயே காட்டுவது போல.
2. நடக்காத விற்பனையை எழுதுவது.
3. ஒரே ஒருமுறை வந்த லாபத்தை வழக்கமான லாபத்தோடு கலப்பது. நிலத்தை விற்றுவந்த பணம் தொழில் லாபம் போலத் தெரியும்.
4. இந்த ஆண்டுச் செலவை அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளுவது.
5. கடன்களையும் பொறுப்புகளையும் மறைப்பது.
6. இந்த ஆண்டு வருவாயில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குப் பதுக்கி வைப்பது.
7. அடுத்த ஆண்டுச் செலவுகளை இந்த ஆண்டே கொட்டிவிடுவது. எப்படியும் மோசமான ஆண்டு, இன்னும் கொஞ்சம் மோசமாகட்டும். அடுத்த ஆண்டு பளிச்சென்று தெரியும்.

நான்காவது வகைக்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்டுகாம். பிற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணம் அந்தந்த ஆண்டின் செலவு. அதைச் செலவாக எழுதாமல், கட்டடம், இயந்திரம் போல நீண்டகாலச் சொத்தாகக் கணக்கில் ஏற்றினார்கள். செலவு குறைந்தது, லாபம் உயர்ந்தது. உள்தணிக்கைப் பிரிவின் சிந்தியா கூப்பர் குழு தோண்டியெடுத்து, 2002 ஜூனில் 380 கோடி டாலர் முறைகேடு வெளியே வந்தது. பிறகு மொத்தம் 1,100 கோடி டாலரைத் தொட்டது. தலைவர் பெர்னார்டு எபர்ஸுக்கு 2005-இல் 25 ஆண்டு சிறைத்தண்டனை.

சரி, இந்த ஏழும் குற்றமா? இங்கேதான் விஷயம் நுணுக்கமாகிறது. 1,000 கோடி ரூபாய் இயந்திரம் பத்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், ஆண்டுதோறும் செலவாக எழுதும் தேய்மானம் 100 கோடி. இருபது ஆண்டு உழைக்கும் என்று மாற்றினால் 50 கோடி. கூடுதலாக ஒரு பொருளைக்கூட விற்காமல், வரிக்கு முந்தைய லாபம் 50 கோடி ஏறிவிடும். இயந்திரம் உண்மையிலேயே அவ்வளவு காலம் உழைக்கும் என்று பொறியியல் ஆதாரம் இருந்து, மாற்றத்தை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இதில் தவறே இல்லை. காலாண்டு லாபம் குறைந்துவிடுமே என்று செய்திருந்தால், நோக்கம் கெட்டது. அப்பட்டமான பொய் என்றும் சொல்ல முடியாது, நேர்மை என்றும் சொல்ல முடியாது. இந்த இடைவெளியில்தான் ஷெனானிகன்ஸ் குடியிருக்கிறது.

## செய்தியாளர் ஏன் மோசடி என்று எழுதுவதில்லை?

மோசடிக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 447-ஆவது பிரிவு, ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த செயல், விடுபாடு, மறைப்பு ஆகியவற்றை மோசடி என்கிறது. அதனால் யாருக்கும் நட்டம் வராவிட்டாலும் அது மோசடிதான். பொதுவான ஏமாற்றுக் குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு. எல்லாவற்றிலும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். நிரூபணம் இல்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு வரும். ஷெனானிகன்ஸ் எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லாத சொல். சந்தேகத்தைச் சொல்லிவிடலாம், குற்றம் சாட்டியதாகவும் ஆகாது.

எழுதுபவருக்கு இது பாதுகாப்பு. படிப்பவருக்கு இதில் ஆபத்து இருக்கிறது. சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்புத்தனம், நடந்ததைச் சிறியதாகக் காட்டிவிடும். பணியாளர்களின் சேமநிதியையே விழுங்கிய காரியத்தையும், விடுதி மாணவர்களின் கூத்தையும் ஒரே சொல் தொடுவது எனக்கு உறுத்துகிறது.

ஹைதராபாத்தின் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் இதை நன்றாக விளக்கும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் தொடக்கத்தில் சிறிய இடைவெளிதான் இருந்தது, ஆண்டுதோறும் அது பெருகியது என்பது அவரே தந்த விளக்கம். சிறிய இடைவெளியாக இருந்தபோது யாராவது எழுதியிருந்தால் ஷெனானிகன்ஸ் என்றுதான் எழுதியிருப்பார்கள். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவரையும் மற்றவர்களையும் குற்றவாளிகள் என்று கூறி ஏழு ஆண்டுச் சிறை விதித்தது. அடுத்த மாதம் மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, பிணை கிடைத்தது.

ஆகவே இந்தச் சொல்லை அடுத்த முறை செய்தியில் பார்க்கும்போது மூன்று விஷயங்களைத் தேடலாம்.

1. ஏழு வகையில் எது என்று செய்தி சொல்கிறதா? வருவாயா, செலவா, கடனா? எதுவும் சொல்லாமல் இந்த ஒரு சொல்லை மட்டும் வீசியிருந்தால், அதில் தகவல் குறைவு.

2. சொல்வது யார்? தணிக்கையாளரா, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' அமைப்பா, நீதிமன்றமா, அல்லது பங்கின் விலை விழுந்தால் லாபம் பார்க்கும் ஒருவரா? கடைசி வகையினர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அவர்களின் ஆதாயத்தைச் சேர்த்தே எடைபோட வேண்டும்.

3. லாபம் ஏறும்போது தொழிலிலிருந்து வரும் ரொக்கமும் ஏறுகிறதா? ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கை என்று தனியாக ஒன்று இருக்கும். லாபம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, ரொக்கம் மட்டும் வராமலே இருந்தால், பின்னால் உள்ள குறிப்புகளில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய நிலுவை எவ்வளவு பெருகியிருக்கிறது என்று பார்க்கலாம். அப்புறம், ரொக்கமே இருப்பதாகக் காட்டியிருந்தாலும் சத்யம்போல அதுவும் பொய்யாக இருக்கலாம். அவ்வளவு ரொக்கத்துக்கு வந்திருக்க வேண்டிய வட்டி வருமானம் கணக்கில் தெரிகிறதா என்பது அடுத்த கேள்வி.